மரியா கேரியின் பாட்டுக்குள் அந்தக் கரகரத்த குரல் வந்த கதை

பாட்டைப் போட்டதும் முதலில் வருவது பாடகியின் குரல் இல்லை. கரகரத்த ஓர் ஆண் குரல். பாதி கத்தல், பாதி ராகம். நியூயார்க் வந்தாச்சா, புரூக்ளின் வந்தாச்சா என்று ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறது, கல்யாண வீட்டு வாசலில் நின்று வருகிறவர்களை உரக்க வரவேற்கும் தாய்மாமா மாதிரி. அதன் பிறகுதான் மரியா கேரி வாய் திறக்கிறார்.

1995 செப்டம்பரில் வெளியான ‘ஃபேன்டஸி’ பாட்டின் ரீமிக்ஸ் இது, அதாவது அதே பாட்டை வேறு விதமாகக் கட்டிய இன்னொரு வடிவம். கூட வரும் அந்தக் கரகரத்த குரல் வு-டாங் கிளான் குழுவின் ராப்பர் ஓல் டர்ட்டி பாஸ்டர்டுடையது. பாப் பாடகியின் பெயர், பக்கத்தில் ‘ஃபீச்சரிங்’ என்ற சொல், அதற்குப் பிறகு ராப்பரின் பெயர்: இந்த வரிசை இன்றைக்கு நம் கண்ணுக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டதாலேயே, 1995இல் இதை ஒரு பாடகி பிடிவாதமாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது என்பது மறந்துபோகிறது. ராப்பரைச் சேர்ப்பது வெறும் வியாபாரத் தந்திரம் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாட்டுதான் ஞாபகம் வரும். தான் யார் என்பதைச் சொல்வதற்காக மரியா கேரி அந்த விருந்தாளியைக் கூப்பிட்டார் என்றே நான் நம்புகிறேன்.

அதைப் புரிந்துகொள்ள அவர் அப்போது எந்த நிலையில் இருந்தார் என்று பார்க்க வேண்டும். 1990இல் முதல் ஆல்பம். முதல் ஐந்து சிங்கிள்களும் (தனியாக வெளியிடும் பாட்டுகள்) அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம். அப்படி ஒரு தொடக்கம் அதற்கு முன் யாருக்கும் அமைந்ததில்லை. அவரை வெளியிட்டது சோனியின் கொலம்பியா நிறுவனம். சோனி மியூசிக்கின் அமெரிக்கத் தலைவர் டாமி மொட்டோலாவை 1993 ஜூனில் அவர் திருமணம் செய்துகொண்டார். மொட்டோலா அவரைவிட ஏறக்குறைய 20 வயது மூத்தவர். நியூயார்க் நகரத்துக்கு வடக்கே பெட்ஃபோர்டில் மாளிகை மாதிரி ஒரு வீடு கட்டிக்கொண்டு இருவரும் அங்கே வாழ்ந்தார்கள். பின்னாளில் அந்த வீட்டை மரியா ‘சிங் சிங்’ என்று அழைத்தார். அந்தப் பக்கத்தில் இருக்கும் புகழ்பெற்ற சிறைச்சாலையின் பெயர் அது.

நிறுவனம் அவரை விற்ற முறை எளிமையானது. நீண்ட கவுன், மெதுவான காதல் பாட்டு, கடைசியில் கூரையைத் தொடும் உச்ச ஸ்தாயி. குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கலாம், எந்த ரேடியோவும் தயங்காமல் போடலாம். அவருடைய அப்பா ஆப்பிரிக்க அமெரிக்கர், வெனிசுவேலா வேர்களும் உண்டு. அம்மா ஐரிஷ் வம்சாவளியைச் சேர்ந்த ஓபரா பாடகி. இது ரகசியம் கிடையாது. ஆனாலும் அந்த விற்பனை முறையில் அப்பாவின் பக்கம் ஓரமாகவே நின்றது. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில், ஹிப்-ஹாப் வளர்ந்துகொண்டிருந்த அதே வருடங்களில், அதே நகரத்து ரேடியோவைக் கேட்டு வளர்ந்த பெண் அவர். அந்தச் சத்தம் அவர் ஆல்பங்களில் அதிகம் கேட்கவில்லை.

ஃபேன்டஸியின் அடியில் ஓடுவது அந்த ரேடியோ நாட்களின் சத்தம்தான். 1981இல் வெளியான ‘ஜீனியஸ் ஆஃப் லவ்’ பாட்டிலிருந்து எடுத்தது. பாடியது டாம் டாம் கிளப். டாக்கிங் ஹெட்ஸ் என்ற ராக் குழுவின் பேஸ் கிட்டார்காரர் டினா வெய்மவுத்தும், டிரம் வாசித்த அவருடைய கணவர் கிறிஸ் ஃபிரான்ட்ஸும் பக்கத்து வேலையாகத் தொடங்கிய குழு. பஹாமாஸ் தீவுகளில் நஸ்ஸாவில் இருந்த காம்பஸ் பாயின்ட் ஸ்டூடியோவில், ஜமைக்காக்காரரான ஸ்டீவன் ஸ்டான்லியின் கைவண்ணத்தில் பதிவானது. ஒரு வெள்ளையர் ராக் குழுவின் கிளையிலிருந்து வந்த அந்தப் பாட்டைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் கறுப்பின ரசிகர்கள். பொதுப் பட்டியலில் 31ஆம் இடத்தோடு நின்ற பாட்டு, கறுப்பின இசைக்கான பட்டியலில் 2ஆம் இடம் வரை போனது. வந்த சில மாதங்களிலேயே ராப்பர்கள் அதன் மேல் தங்கள் வரிகளை வைக்கத் தொடங்கிவிட்டார்கள். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவும் அதில் உண்டு.

ஆக, மரியா கையில் எடுத்த அந்த பேஸ் கிட்டார் வரி ஏற்கெனவே பல வீடுகளில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை. சின்ன வயதில் ரேடியோவில் கேட்ட அந்தப் பாட்டின் மேல் ஒரு மெட்டைப் போட்டு, தயாரிப்பாளர் டேவ் ஹாலிடம் கொண்டுபோனது மரியாதான். அவர் தன் பாட்டுகளைத் தானே எழுதுகிறவர் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. அந்தக் குரல் வளத்தின் வெளிச்சத்தில் எழுதும் கை மறைந்துவிடுகிறது. ஃபேன்டஸியை எழுதியவர்களாக மரியா, டேவ் ஹால் ஆகியோருடன் வெய்மவுத், ஃபிரான்ட்ஸ், ஸ்டான்லி, கிட்டார்காரர் ஏட்ரியன் பெலூ ஆகியோரின் பெயர்களும் இருக்கின்றன. பழைய பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தால் அதை எழுதியவர்களுக்கும் பங்கு போக வேண்டும், அது நியாயமும்கூட.

சரி, மூலப் பாட்டு தயார். நிறுவனத்துக்கும் திருப்தி. அதோடு விட்டிருக்கலாம். மரியா விடவில்லை. ரீமிக்ஸ் வேண்டும் என்றார். அதற்கு ஷான் கோம்ஸ் வேண்டும் என்றார். கூடப் பாட ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் வேண்டும் என்றார்.

ஷான் கோம்ஸ் இப்போது குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர். 1995இல் அவர் பேட் பாய் என்ற நிறுவனத்தை நடத்திக்கொண்டு, ஹிப்-ஹாப் தாளத்தையும் ஆர் அண்ட் பி என்ற கறுப்பின மெட்டுப் பாட்டையும் இணைப்பதில் நியூயார்க்கிலேயே முன்னணியில் இருந்த தயாரிப்பாளர். அவரைக் கூப்பிட்டதில் பெரிய ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் எல்லாம் அந்த ராப்பரிடம்தான்.

ரஸ்ஸல் ஜோன்ஸ் என்பது அவர் இயற்பெயர். புரூக்ளின்காரர். வு-டாங் கிளானின் மூளையான ரிஸாவுக்கும் மூத்தவரான ஜிஸாவுக்கும் உறவுக்காரர். மூவரும் குங்ஃபூ படப் பைத்தியம். அவருடைய மேடைப் பெயரே அப்படி ஒரு படத்தின் தலைப்பிலிருந்து பிறந்தது. 1993இல் வந்த வு-டாங்கின் முதல் ஆல்பம் இருட்டான, கரடுமுரடான சத்தம் கொண்டது. அந்தக் குழுவிலேயே கணிக்க முடியாதவர் இவர். மற்றவர்கள் வரிகளை அளந்து அடுக்கும்போது இவர் இழுப்பார், கத்துவார், திடீரென்று சுருதி தப்பிய ராகத்தில் பாடுவார். தனி ஆல்பம் 1995 மார்ச்சில் வந்தது. அமெரிக்காவின் மிகச் சுத்தமான பிம்பம் கொண்ட பாடகி தன் பாட்டுக்கு இவரைக் கேட்டபோது சோனி அலுவலகத்தில் எத்தனை புருவங்கள் உயர்ந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். கூட இருந்தவர்கள் தனக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்கிற மாதிரி பார்த்தார்கள் என்பதைப் பிற்காலத்தில் மரியாவே பேசியிருக்கிறார்.

அந்தப் பயத்தை வெறும் அசட்டுத்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராப் இசை அரசியல் மேடையில் குற்றவாளிக் கூண்டில் நின்ற ஆண்டு. சி. டெலோரஸ் டக்கர், வில்லியம் பென்னட் போன்றவர்கள் ராப் பாட்டுகளின் வரிகளை எதிர்த்துப் பெரிய பிரச்சாரம் நடத்தினார்கள். குடியரசுக் கட்சியின் பாப் டோல் மே மாதம் பொழுதுபோக்குத் துறையைக் கண்டித்துப் பேசினார். நெருக்கடி தாங்காமல் டைம் வார்னர் நிறுவனம், ராப் ஆல்பங்களை வெளியிட்டுவந்த இன்டர்ஸ்கோப் நிறுவனத்தில் தனக்கிருந்த பங்கை விற்க முடிவு செய்தது. அது ஃபேன்டஸி பட்டியலின் உச்சியில் இருந்த அதே நாட்களில் நடந்தது. ஓல் டர்ட்டி பாஸ்டர்டை வெளியிட்ட எலெக்ட்ராவும் டைம் வார்னர் குடும்பத்து நிறுவனம்தான். அப்புறம் ரேடியோ. பாப் பாட்டு போடும் பல நிலையங்கள் ‘எங்களிடம் ராப் கிடையாது’ என்பதையே விளம்பரமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. ஒரு பாட்டில் ராப் இருந்தால், அதை வெட்டி எடுத்த வடிவத்தை நிறுவனங்களே தனியாகத் தயாரித்து நிலையங்களுக்கு அனுப்பும். சாதத்தில் கறிவேப்பிலையை ஒதுக்குகிற மாதிரி.

இனி ரீமிக்ஸைக் காது கொடுத்துக் கேட்போம்.

மூல வடிவத்தில் அடுக்கடுக்கான குரல்களும் பளபளப்பும் உண்டு. ரீமிக்ஸ் அதில் பெரும்பகுதியைக் கழற்றிவிட்டு பேஸையும் டிரம்மையும் முன்னால் கொண்டுவருகிறது. மூலத்தில் நடுவில் ஒரு முறை வந்து போகும் இணைப்புப் பகுதி இங்கே பல்லவியாகிவிடுகிறது. டாம் டாம் கிளப்பின் பாட்டும் மூலத்தைவிட இதில் தெளிவாகத் தெரிகிறது. பெரும்பாலான ரீமிக்ஸ்கள் மேலே ஏதாவது சேர்க்கும். இது முதலில் எடுத்துவிட்டு, காலியான இடத்தில் ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

ராப்பருக்கு வழக்கமாகக் கிடைக்கும் இடம் 16 பார். ஒரு பார் என்பது நாலு தட்டுக் கொண்ட ஒரு சுற்று. நம் கணக்கில் சதுஸ்ர ஏகத்தின் ஓர் ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். ஃபேன்டஸியின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 102 தட்டு. அந்த வேகத்தில் 16 பார் என்பது 38 வினாடிக்கும் குறைவு. பொதுவாக இந்த 38 வினாடி, இரண்டாவது பல்லவி முடிந்த பிறகு, கேட்பவருக்கு அலுப்பு தட்டும் இடத்தில் வரும். மெட்டு மாற வேண்டிய இடத்தில் குரல் மாறிவிடுகிறது. ராப்புக்கு ஸ்வர மாற்றம் தேவையில்லை. ஒரே பேஸ் சுற்றிச் சுற்றி வந்தாலும் பேச்சின் தாளமே புதுமை தந்துவிடும். அதனால்தான் ஒரே துண்டைச் சுழலவிட்டுக் கட்டும் பாட்டுகளுக்கு ராப்பர் அவ்வளவு பொருத்தமாக அமைகிறார். வேலை வசதிக்காகவும் இது தோதானது: பாட்டு முழுவதும் முடிந்த பிறகுகூட, இடம் விட்டு வைத்தால் போதும், ராப்பர் வேறொரு நாளில் வந்து பாடிவிட்டுப் போகலாம்.

ஆனால் ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் அந்த 38 வினாடி வாடகை வீட்டில் குடியிருக்கவில்லை. தொடக்கத்தில் வருகிறார், நடுவில் வருகிறார், முடிவிலும் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டே இருக்கிறார். தானும் மரியாவும் பால்குடி நாளிலிருந்தே பழக்கம் என்று அளக்கிறார். 1970களில் அண்ணன் தங்கையாக டானி, மரி ஆஸ்மண்ட் நடத்திய குடும்பத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பாட்டு வரி ஒன்றைத் திடீரென்று எடுத்துவிடுகிறார். நாட்டுப்புறம் ஒருவருக்கு, ராக் இன்னொருவருக்கு என்று அண்ணனும் தங்கையும் பங்கு பிரித்துக்கொள்ளும் வரி அது. புரூக்ளின் ராப்பர் அதைப் பாடும்போது இரண்டையும் தனக்கே எடுத்துக்கொள்கிறார். எந்த இசை யாருக்குச் சொந்தம் என்ற வேலியை அவர் தாண்டுகிற அந்த நொடியை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு மகிழ்ச்சி குறைவதில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மென்மையான பெண் குரலுக்கு எதிரே முரட்டு ஆண் குரல் என்ற எதிர்மறை மட்டும் இருந்திருந்தால் பாட்டு இவ்வளவு உயிரோடு இருந்திருக்காது. இருவருமே பாடுகிறவர்கள். மரியா ஒரு எழுத்தைப் பத்து ஸ்வரங்களுக்கு இழுப்பார். ஓல் டர்ட்டி பாஸ்டர்டும் இழுக்கிறார், சுருதியைப் பற்றிக் கவலைப்படாமல். இரண்டு பேரும் விதியை மீறி அலங்கரிக்கிறவர்கள். அதனால்தான் இருவருக்கும் பால்குடி நாளிலிருந்தே பழக்கம் என்ற அந்தப் பொய் கேட்கும்போது உண்மை மாதிரியே ஒலிக்கிறது.

1995 செப்டம்பர் 30 தேதியிட்ட ஹாட் 100 பட்டியலில் ஃபேன்டஸி நேராக முதலிடத்தில் நுழைந்தது. அப்படி நுழைந்த முதல் பாட்டு அதே மாதத் தொடக்கத்தில் வந்த மைக்கேல் ஜாக்சனுடையது, இது இரண்டாவது. ஒரு பெண் பாடகிக்கு இதுவே முதல். எட்டு வாரம் அங்கேயே இருந்தது. அதற்குள் ஒரு வணிக உத்தி இருந்ததையும் சொல்ல வேண்டும்: ரேடியோவில் முதலில் பாட்டை ஓடவிட்டு, ஆசையை வளர்த்து, அதன் பிறகுதான் கடைக்கு சிங்கிளை அனுப்புவார்கள். எல்லோரும் முதல் வாரத்திலேயே வாங்கினால் பட்டியலில் நேரடியாக உச்சம். மூல வடிவம் பாப் நிலையங்களுக்கும் ரீமிக்ஸ் ஹிப்-ஹாப், ஆர் அண்ட் பி நிலையங்களுக்கும் போனது. பட்டியல் கணக்கில் எல்லாம் ஒரே பாட்டு. அதனால் சோனிக்கு நஷ்டம் எதுவும் இல்லை. பயந்த நிறுவனமும் பிடிவாதம் பிடித்த பாடகியும் ஒரே நேரத்தில் ஜெயித்தார்கள்.

வீடியோவை மரியாவே இயக்கினார். நியூயார்க் மாநிலத்தின் ரை நகரில் இருக்கும் பிளேலேண்ட் பொழுதுபோக்குப் பூங்காவில் எடுத்தது. மூல வீடியோவில் அவர் ரோலர் ஸ்கேட் ஓட்டுகிறார், ரோலர் கோஸ்டரில் கையை விரித்துப் பாடுகிறார். ரீமிக்ஸ் வீடியோவில் அதே பூங்காவின் நடைபாதையில் ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் நிற்கிறார், பக்கத்தில் கம்பத்தில் கட்டப்பட்ட ஒரு கோமாளி. அந்தக் காலத்துப் பாப் வீடியோவில் இப்படி ஒரு காட்சியை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இதற்கு முன் யாருமே செய்யாதது என்று சொல்லிவிட்டால் அது தவறு. 1984இல் சாக்கா கான் பாட்டில் மெல்லி மெல் வந்தார்; பாடகியின் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லும் அந்தத் தொடக்கத்தை யாரும் மறக்க மாட்டார்கள். 1989இல் ஜோடி வாட்லியின் பாட்டில் எரிக் பி அண்ட் ராகிம். மேரி ஜே. ப்ளைஜ் 1992 முதலே ஹிப்-ஹாப் தாளத்தில்தான் பாடிக்கொண்டிருந்தார். 1995 கோடையில் வு-டாங்கின் இன்னொரு ராப்பரான மெத்தட் மேன் தன் பாட்டுக்கு மேரியையே அழைத்திருந்தார். ஆனால் இவர்கள் எல்லோரும் ஆர் அண்ட் பி உலகத்துக்காரர்கள், ராப்புக்கு அடுத்த வீடு. மரியாவோ, நிறுவனத்தின் கணக்குப்படி, ஊரின் மறுகோடி. அங்கிருந்து அவர் கதவைத் திறந்ததால்தான் பின்னால் வந்தவர்களுக்கு அது பாதையானது.

பாதை சீக்கிரமே நெடுஞ்சாலையும் ஆனது. 2001இல் ஜெனிஃபர் லோபஸும் ஜா ரூலும் பாடிய ‘ஐம் ரியல்’ ரீமிக்ஸ் முதலிடம் பிடித்தது. அதை வெளியிட்டதும் சோனியின் நிறுவனமே, அப்போதும் சோனி மியூசிக்கின் தலைவர் மொட்டோலாதான். பெயரைத் தவிர மூலத்தோடு பெரிதாக ஒற்றுமை இல்லாத ரீமிக்ஸ்களையும் ஒரே பாட்டாகக் கணக்கிடுவது சரியா என்ற கேள்வி எழுந்து, 2002இல் பில்போர்டு தன் விதியை மாற்றியது. அதே 2002இல் கிராமி விருதுகளில் ராப்பும் பாட்டும் சேர்ந்த கூட்டணிக்கென்று தனிப் பிரிவே வந்துவிட்டது. பியான்சே, ரிஹானா எல்லோரும் அந்தப் பிரிவில் வென்றவர்கள். ஸ்ட்ரீமிங் வந்த பிறகு ‘ஃபீச்சரிங்’ என்ற சொல்லுக்கு இன்னொரு பயனும் சேர்ந்தது: ஒரே பாட்டு இரண்டு கலைஞர்களின் பக்கத்திலும் காட்டப்படும், இரண்டு பேரின் ரசிகர்களும் வருவார்கள். இப்போது பல பாட்டுகளில் அந்த 16 பார் ஒரு சடங்கு மாதிரி வந்துபோகிறது. ராப்பருக்குப் பணம் கொடுத்தார்கள், அவர் பாடினார், அவ்வளவுதான் என்று கேட்டவுடனே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட பாட்டுகளை நான் குறை சொல்லக் காரணமே ஃபேன்டஸியில் அந்த இடம் எவ்வளவு உயிரோடு இருந்தது என்று தெரிந்ததால்தான்.

மரியாவுக்கு அது உயிரான இடம் என்பதற்கு என் கையில் இருக்கும் நல்ல சான்று 1998இல் வந்த தொகுப்பு. 1996 கிராமியில், ஃபேன்டஸி இடம்பெற்ற ‘டேட்ரீம்’ ஆல்பத்துக்கு ஆறு பரிந்துரைகள் கிடைத்து, ஒன்றுகூட வெல்லாமல் அவர் வீடு திரும்பினார். 1997இல் மொட்டோலாவைப் பிரிந்தார். அடுத்த ஆண்டு, அதுவரை முதலிடம் பிடித்த தன் பாட்டுகளை எல்லாம் ஒரே ஆல்பமாகத் தொகுத்து வெளியிட்டார். ஃபேன்டஸிக்கு இரண்டு வடிவங்கள் இருக்க, மூலத்தை விட்டுவிட்டு ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் வரும் ரீமிக்ஸையே அதில் சேர்த்தார். 1999இல் ஜே-ஸீயுடன் பாடிய ‘ஹார்ட்பிரேக்கர்’ அவருடைய 14ஆவது முதலிடப் பாட்டானது. அதற்குள் அவர் பாட்டில் ராப்பர் வருவது யாருக்கும் செய்தியாக இல்லை.

ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் 2004 நவம்பர் 13 அன்று, 36 வயது நிறைய இரண்டு நாள் இருக்கும்போது, நியூயார்க்கில் ஒரு ஸ்டூடியோவில் இறந்துபோனார். சிறை, போதைப்பொருள், வழக்குகள் என்று கடைசி வருடங்கள் அவரை மிகவும் அலைக்கழித்தன. செய்தித்தாள்கள் அவரைக் கோமாளியாகவே எழுதின. ஆனால் தாளத்தை விட்டு விலகுவது போலப் போய், சரியான தட்டில் வந்து விழும் அந்த வித்தை எல்லோருக்கும் கைவராது. இந்த ஒரு பாட்டில் அதைக் கேட்டாலே போதும்.

2021இல் அட்லாண்டாவின் பெண் ராப்பர் லாட்டோ அதே டாம் டாம் கிளப் பேஸை எடுத்து ‘பிக் எனர்ஜி’ பாடினார். 2022 மார்ச்சில் அதற்கு ஒரு ரீமிக்ஸ் வந்தது. இந்த முறை பாட்டு ராப்பருடையது; விருந்தாளியாக வந்து, நடுவில் தன் பழைய மெட்டை எடுத்துப் பாடிவிட்டுப் போனவர் மரியா கேரி.